எதுக்கும் ஒரு பொட்டு

சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார். மலர்க்கொடி அவரைக் கவனிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு புது சிலிண்டரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கழுத்துப் பக்கம் ஈரத்துணியால் ஒரு துடை, மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"அம்மா, வண்டி ரோட்டுல நிக்குதும்மா."

"ஒரு நிமிஷங்க. நெருப்பு சமாச்சாரம். எதுக்கும் ஒரு பொட்டு வெச்சுருவோம்."

காலி சிலிண்டர் போன தடவை வைத்த பொட்டோடு படியிறங்குகிறது. ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுக்குப் பொட்டு வைத்த சிலிண்டர் வந்து இறங்கினால், அது ஒருமுறை எங்கள் மாடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடையவளஞ்சான் வீதியில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி. அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. நான் வீட்டில் இருந்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்பதால் மலர்க்கொடிக்கு நான் நிரந்தர சாட்சி. வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார். முதல் மாடி வரை போய்விட்டு ஏறி வந்து மறுபடி இழுப்பார். அப்புறம் என் ஜன்னல் பக்கம் வந்து, "சார், நான் பூட்டுனத நீங்க பாத்தீங்கல்ல?" என்பார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், முகம் தெளிந்து இறங்கிப் போவார். நான் பார்க்காத நாட்களிலும் பார்த்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிக்ஸிக்குப் பொட்டு, மோட்டார் சுவிட்சுக்குப் பொட்டு, இன்வெர்ட்டருக்குப் பொட்டு. மாடிக் கைப்பிடியில் ஓரிடம் ஆடுகிறது என்று அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார். கைப்பிடி இன்னும் ஆடுகிறது. பொட்டு உறுதியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் பழைய பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கடையில் விற்கிற சந்தனப் பொடி ஆகாது. கல்லில் இழைத்த கெட்டிச் சந்தனம்தான். காய்ந்தால் நகத்தால் சுரண்டினாலும் வராது.

முசிறிப் பக்கத்துப் பெண். நாற்பதைத் தொட்ட வயது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்போல், நின்று பேசும்போதும் பாதி உடம்பு வீட்டுப் பக்கமே திரும்பியிருக்கும். இதையெல்லாம் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததன் காரணம் எனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டால் சிரிப்பு வராது.

அவர் கணவர் ரெங்கராஜ் திருவெறும்பூரில் ஒப்பந்த வேலையில் வெல்டராக இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. பிழைத்து எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. மலர்க்கொடி அப்போது சின்னக்கடைத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் பில் கவுண்டரில் இருந்தார். ஒருநாள் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு போன ரெங்கராஜ் அங்கேயே விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நானும் கீழ்வீட்டுக்காரரும் கதவை உடைத்துத் தூக்கினோம். மலர்க்கொடி ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் கடையின் பில் ரோல் ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் வேலையை விட்டார். தாழ்ப்பாளும் கழன்றது.

ரெங்கராஜ் நேர்மாறான மனிதர். எதற்கும் பதறமாட்டார். வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் அவருக்கு மட்டும் டயர் எரிகிற வாசம் அடிக்கும். "டயர் வாசம் வருதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இல்லை என்றால், டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தானே பாயில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துவிடுவார். கையில் இரும்பு, சாவி எதையும் திணிக்கக் கூடாது, அடங்குகிற வரை பக்கத்தில் இருந்தால் போதும் என்பது டாக்டர் கட்டளை. இருந்தாலும் ஹால் ஆணியில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்குகிறது. எதுக்கும் இருக்கட்டும் என்று மலர்க்கொடி மாட்டியது. "அத என் கையில குடுத்தா வீட்டையே எனக்கு எழுதி வெச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குவேன் சார். வாடகை வீடு, வம்பு" என்பார் ரெங்கராஜ். இன்னொரு நாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு எப்பவோ ஒரு தடவதான் சார் வருது. அவளுக்குத் தெனம் வருது."

இந்த நிலையில்தான் அந்த வேலைச் செய்தி வந்தது. ஏதோ ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவு. வீட்டிலிருந்தே நோயாளிகளிடம் போனில் பேசி டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். தமிழ் நன்றாகப் பேச வேண்டும், பொறுமை வேண்டும், இவ்வளவுதான். மலர்க்கொடிக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல் இருந்தது. ரெங்கராஜை விட்டு அகல வேண்டாம். வீட்டுக்குள் மறுபடி ஒரு சம்பளமும் வரும். நிபந்தனை ஒன்றுதான். கேமராவும் வைஃபையும் உள்ள சொந்த மடிக்கணினி வேண்டும். நேர்காணலும் அதிலேயேதான், வெள்ளிக்கிழமை முற்பகலில். செல்போனில் வரக் கூடாது.

புதிது வாங்க வழியில்லை. சிங்காரத்தோப்பில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பழைய மடிக்கணினிகளை விற்கிற நவ்ஷாத்திடம் போனார். ஏதோ ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துக்கட்டிய சரக்கு. "நெட் ஒயர் சொருவுற வாய் ஒடஞ்சிருக்கும்மா, மறைக்காமச் சொல்லிடறேன். ஒயரில்லாம சூப்பரா ஓடும்" என்று நவ்ஷாத் தன் கடை வைஃபையிலேயே முக்கொம்பில் தண்ணீர் வருகிற வீடியோ ஒன்றை ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் மலர்க்கொடி பையில் வைத்துக்கொண்டார்.

நேரே வீட்டுக்கு வந்தாரா என்றால் இல்லை. அங்கிருந்து பஸ் பிடித்து சமயபுரம். ஆத்தா சன்னதியில் கூட்டத்தோடு கூட்டமாகப் பையைத் தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் சந்தனம் இழைக்க உட்கார்ந்தார். மூடியின் மேல் ஒன்று. நிலைக்கதவுக்கு வைக்கிற கணக்கில் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. நன்றாக அழுத்தி வைத்தார்.

"சார்ஜருக்கும் வெச்சுடாத மலரு. கரண்டு அடிக்கும்" என்றார் ரெங்கராஜ்.

"அதுக்கு லேசாத்தான் வெச்சேன் மாமா."

மறுநாள் காலை என் வீட்டு அழைப்பு மணி விடாமல் அடித்தது. "சார், ஒரு நிமிஷம் வரீங்களா? இது என்னென்னமோ சொல்லுது."

எனக்குக் கணினியில் தெரிந்தது தட்டச்சு மட்டும். அதுவும் எப்போதும் மேசையோடு இருக்கிற பழைய பெட்டி, கேமரா கிடையாது. ஆனாலும் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த மாடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் ஒரு குட்டி விமானம். வைஃபை என்று எழுதியிருந்த இடம் சாம்பல் பூத்துக் கிடந்தது, தொட்டால் அசையவில்லை. அதற்கு மேலே சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று தமிழில் சொன்னேன்.

மலர்க்கொடி என் முகத்தையே பார்த்தார். "எந்த நிறுவனம் சார்? எனக்கேது சார் நிறுவனம்?"

யு.எஸ்.பி.யில் செருகுகிற வைஃபை குச்சி ஒன்றை வாங்கிச் செருகினால் அதற்கும் அனுமதி இல்லை என்றது. போனை ஒயரில் இணைத்தாலும் அதே பதில். அணைத்துத் திறந்து உள்ளமைப்புக்குள் நுழையப் போனால் கறுப்புத் திரையில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். மலர்க்கொடி விடவில்லை. சமயபுரம் என்று போட்டுப் பார்த்தார். மாரியம்மன் என்று போட்டார். ஒரு கம்பெனி அதிகாரி இதையெல்லாம் எதற்குப் பாஸ்வேர்டாக வைக்கப்போகிறார் என்று கேட்டேன்.

"திருச்சிக் கம்பெனியா இருந்தா?" என்றார். அதற்குள் இயந்திரம் கீச்சென்று கத்திக்கொண்டு தானாக அணைந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அன்றிலிருந்து பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. யாரோ ஒரு நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்றால், அது உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்குமோ? உடனே ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினார். திருட்டுப் பொருளாக இருக்குமோ? பழைய புடவையில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். "போலீஸ் வந்து கேட்டா, நான் கடையில வாங்குனத நீங்க பாத்தீங்கன்னு சொல்வீங்கல்ல சார்?" நான் பார்க்கவில்லை. சொல்கிறேன் என்றேன். வேலை தருகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி வேறு நாள் கேட்டுப் பார்த்தோம். குறித்த நேரத்தில் வராதவர்கள் விலகிக்கொண்டதாகக் கருதப்படுவார்கள் என்று பதில் வந்தது. அதற்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்கள்.

என் மனைவி குமுதவல்லிதான் என்னைக் கிளப்பினாள். "அந்தப் பொண்ணு சாப்பிடாம கொள்ளாம அலைஞ்சுண்டிருக்கா. நீங்க இங்கே உக்காந்துண்டு வியாசம் எழுதிண்டிருக்கேள். கூடப் போய்ட்டு வாங்கோ. அவாத்துக்காரரை நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை நானும் மலர்க்கொடியும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். காவிரிப் பாலம் ஏறும்போது ஒரு போன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஒரு போன். குமுதவல்லியின் குரல் எனக்கே கேட்டது: "நன்னா இருக்கார்டி. சீரியல்ல வில்லிக்கு யோசனை சொல்லிண்டிருக்கார். சித்த நிம்மதியா போய்ட்டு வா."

நவ்ஷாத் அடக்கமான ஆள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறப்பார் போலிருக்கிறது. மலர்க்கொடியின் மடிக்கணினியை வாங்கியவர் அப்படியே துடைக்க ஆரம்பித்தார். பொட்டு இருந்த இடங்கள் வந்ததும் துணியைத் தூக்கி, சுற்றிப் போய், மறுபுறம் துடைத்தார்.

"சாமி சந்தனம்மா. அதுல நான் கை வெக்க மாட்டேன்."

நல்ல மனிதர் என்று அப்போது எனக்கு மனது நெகிழ்ந்தது. அந்த நெகிழ்ச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார். சிவப்பு வரியைப் படித்ததும் உதட்டைப் பிதுக்கினார். "கம்பெனிக்காரன் பூட்டுன செட்டிங் இன்னும் இருக்கு. கழட்டாமலே லாட்டுல தள்ளிட்டாங்க. ஆனா அன்னிக்கு இங்க ஓடுச்சேம்மா, நீங்களே பாத்தீங்களே. இப்ப எப்படி விழுந்துச்சுன்னு புரியல." இயந்திரத்தைச் சாய்த்துப் பக்கங்களைப் பார்த்தார். "சில மாடல்ல ஓரத்துல வைஃபைக்குத் தனி சுவிட்சே இருக்கும். லாட்டுன்னா எல்லாம் கலந்துதான் வரும். இதுல அது காணோம்." சென்னையில் சரக்குக் கொடுத்தவருக்குப் போன் போட்டார். கம்பெனியில் கேட்டுப் பாஸ்வேர்டு வாங்கித் தருவதாக அந்தப் பக்கம் சொன்னது.

"வேற மெசினாவது மாத்திக் குடுங்கண்ணே."

"இந்த நேரத்துக்குக் கையில கேமரா வெச்சது ஒண்ணும் இல்லம்மா. சனிக்கிழமை அடுத்த லாட்டு வருது."

மலர்க்கொடி சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. காய்கறிக்காரரிடம்கூடப் பேரம் பேசிவிட்டு மன்னிப்புக் கேட்பவர். அவர் குரல் உயர்ந்தது. "சனிக்கிழமை வந்து எனக்கு என்னங்கண்ணே? நல்ல மனுஷன்னு நம்பித்தானே வந்தேன். இப்படி ஏமாத்திட்டீங்களே." கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நவ்ஷாத் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நம்ம கடையில ஏமாத்து வேலை கெடையாதும்மா. இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கெழம காலைல வாங்கித் தரேன்" என்றார், மெதுவாக.

தெருவில் இறங்கியதும் மலர்க்கொடி பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "ரொம்பப் பேசிட்டேனா சார்?" என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா அவரு செஞ்சதும் தப்புதானே சார்?" என்றார். தெப்பக்குளம் வரை இந்த இரண்டு கேள்விகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நேர்காணல் நடக்கும்போது நான் ரெங்கராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேர்காணல் நடந்தால்தானே என்று எனக்குள் ஓடியது. ரெங்கராஜ் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது, மூலையில் அதே விமானம். நவ்ஷாத்திடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அந்தச் சென்னை ஆளு போனையே எடுக்கல சார். பாஸ்வேர்டு கெடைக்கல. ஜும்மாவுக்கு முன்னால இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன். அந்தம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

பக்குவமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கிடைக்கவில்லையாம் என்றேன்.

மலர்க்கொடி தலையை ஆட்டினார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றிருந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரத்துணியையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆத்தா படம், அடுப்பு, மிக்ஸி, சுவிட்சுப் பலகை என்று ஒன்றொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டே போனார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நேரம் நெருங்குகிறது, பக்கத்துத் தெருவில் யாரிடமாவது கணினி இரவல் கேட்கலாம், ஏதாவது செய்யலாம், இவர் மோட்டார் சுவிட்சுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் மேசைக்கு வந்தார்.

"அதுக்கும் வெக்கணுமா மலரு?" என்றார் ரெங்கராஜ்.

"வெள்ளிக்கெழம மாமா. எல்லாத்துக்கும் வெச்சுட்டு இத மட்டும் விட்டா மனசு கேக்காது."

மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு, மறு கையால் பழைய பொட்டைத் துடைத்தார். மூடியில் இருந்தது வந்தது. இடது ஓரத்தில் இருந்ததும் வந்தது. வலது ஓரத்தில் இருந்தது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. துணியை நனைத்து ஊறவைத்து, அழுத்தித் தேய்த்தார். டிக் என்று ஒரு சத்தம்.

அந்த ஓரத்தில் சின்னதாக நீல விளக்கு எரிந்தது. திரையிலிருந்த விமானம் போய்விட்டது. தெருவில் உள்ள அத்தனை வீட்டு வைஃபைகளின் பெயர்களும் வரிசையாக இறங்கின. அதில் என் வீட்டுப் பெயரும் இருந்தது.

மலர்க்கொடி குனிந்து பார்த்தார். சந்தனம் போன இடத்தில், மிளகு அளவில் ஒரு தள்ளு சுவிட்சு இருந்தது. துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், நான்தானா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொட்டை அழுத்தி வைத்தபோது சுவிட்சு தள்ளிப் போயிருக்கிறது. மேலே சந்தனம் காய்ந்து அதை மூடிவிட்டது. பூட்டிய அமைப்புகள் பூட்டியபடிதான் இருந்தன. பாஸ்வேர்டு இன்றுவரை கிடைக்கவில்லை. வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நவ்ஷாத் மட்டும் அந்தச் சந்தனத்தைத் துடைத்திருந்தால் புதன்கிழமையே கண்டுபிடித்திருப்பார். மரியாதைக்காகத் துணியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனாரே, அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது எல்லாம்.

"அந்த அண்ணனப் போய் ஏமாத்துக்காரர்னு சொல்லிட்டேனே. இப்பவே போன் போடறேன் சார்."

"முதல்ல இது முடியட்டும்மா. அப்புறம் நேர்லயே போய்ச் சொல்லலாம்."

"ஆத்தாவே பூட்டிட்டு அவளே தொறந்துட்டா. அவளுக்கும் பொழுது போகணுமில்ல" என்றார் ரெங்கராஜ். மலர்க்கொடி சிரிக்கவில்லை. தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புதுச் சந்தனம் அப்படியே இருந்தது. வழக்கம்போல் கை மடிக்கணினியின் ஓரம் வரை போயிற்று, தொடாமல் திரும்பி வந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். மடிக்கணினியில் அழைப்பு ஒலித்தது. ஒரு பெண் குரல்: "குட் மார்னிங் மேடம். உங்க வாய்ஸ் கேக்குது. வீடியோ வரலையே, ஒரே கறுப்பா இருக்கு."

மலர்க்கொடி பதறித் திரையை இங்குமங்கும் சாய்த்தார். அப்புறம் நினைவு வந்து, கேமராவின் மேலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்து, யோசிக்காமல் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் வைத்தவர் தனக்கு வைக்க மறந்திருந்தார். திரையின் கட்டத்தில் பொட்டோடு அவர் முகம் வந்தது.

"இப்ப சூப்பரா தெரியறீங்க மேடம்."

அதன் பிறகு நான் கேட்ட மலர்க்கொடி வேறு ஒருவர். ஒரு வயதான நோயாளி கோபமாகப் பேசினால் எப்படிப் பதில் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். "மொதல்ல அவங்களப் பேச விட்டுருவேங்க. பயந்தவங்கதான் கோவமாப் பேசுவாங்க. முழுசும் கேட்டுட்டு, டாக்டரு எப்ப பாப்பாருங்கறத மட்டும் தெளிவாச் சொல்வேன்" என்றார். குரல் நடுங்கவில்லை. நான் ரெங்கராஜைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரும் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார்: "சார், டயர் வாசம் வருதா?"

வரவில்லை. கறிவேப்பிலை தாளிக்கிற வாசம்தான் எங்கள் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். ரெங்கராஜ் சத்தம் வராமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். முனகல் வெளியே கேட்காதபடி தலையணையை வாயோரம் இழுத்துக்கொண்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். கேமராவுக்குத் தெரியாதபடி கீழே, அவர் கால்கள் மலர்க்கொடியின் நாற்காலிப் பக்கம் இருந்தன. விரலை உதட்டில் வைத்து எனக்குச் சைகை காட்டினார். பிறகு அந்த விரல் விறைத்தது.

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கண் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. உடம்பு உதறியது, குதிகால் பாயைத் தட்டியது. மலர்க்கொடி கடைக்கண்ணால் கீழே பார்த்தார். பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தால் தவறு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

"இருக்கேங்க."

"கடைசியா ஒண்ணு மேடம். நீங்க வேலை பாக்கற எடத்துல இடைஞ்சல் எதுவும் இருக்காதுல்ல? கவனத்த கலைக்கிற மாதிரி?"

மலர்க்கொடியின் முகம் திரையை விட்டு அசையவில்லை. வலது கை மட்டும் மேசைக்குக் கீழே இறங்கி, காற்றில் கொஞ்சம் தேடியது.

"இல்லைங்க மேடம். நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான். அவரு பக்கத்துலதான் இருக்காரு."

சொல்லி முடிப்பதற்குள் கைக்கு அவர் கால் கிடைத்துவிட்டது. உதறிக்கொண்டிருந்த அந்தப் பாதத்தைப் பிடித்து, விரலில் பாதி காய்ந்திருந்த சந்தனத்தை, குனிந்து பார்க்காமலே, அதன் மேல் வைத்து அழுத்தினார்.